நர்ஸம்மா வீட்டுப் பிள்ளைகள்

என் அம்மா நர்ஸ் என்று சொன்னால், "எந்த ஆஸ்பத்திரி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. சேலம் மாவட்டத்தில் வரப்பும் ஓடையுமாகச் சிதறிக் கிடந்த சில குக்கிராமங்கள்தான் அவளுடைய வார்டு. அரசாங்கத்துக்கு அவள் கிராம சுகாதார செவிலியர், ஊருக்கு நர்ஸம்மா. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அத்தனை பேரில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு எப்போது வலி எடுக்கும், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அந்த ஒருத்தியின் பொறுப்பு.

நிலையத்தின் முன்னறையில் பிரசவ மேஜை, பின்கட்டில் எங்கள் குடித்தனம். நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் ஒருத்தி வலியில் கத்த, இந்தப் பக்கம் நானும் தம்பியும் வாய்ப்பாடு படித்திருக்கிறோம். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான். அதையும் ஊசியையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைத்து எடுத்த பிறகுதான் எங்களுக்கு இட்லி ஏறும்.

அம்மாவின் பையில் ரத்த அழுத்தக் கருவியும் சத்து மாத்திரையும் இருப்பது இயல்பு. கூடவே ஒரு தமிழ் தினசரி காலண்டரும் இருக்கும். "கடைசியா எப்ப கண்ணு தலைக்கு ஊத்தினே?" என்று கேட்டால் யாரும் ஆங்கிலத் தேதி சொல்ல மாட்டார்கள். "மாரியம்மனுக்குப் பூச்சாட்டுன மறுநாள்," "எங்க சின்ன மாமனார் காரியத்தன்னிக்கு" என்பார்கள். அம்மா காலண்டரைப் புரட்டி அதைத் தேதியாக்குவாள். ஆடிப்பெருக்கு என்றால் ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி வரும். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 10. அது சித்திரைக் கடைசி. உடனே மாமியார், "வைகாசிக்குத் தள்ளிப் போகாதுங்களா?" என்று கேட்பார். அம்மா சிரிக்காமல், "அதை உள்ள இருக்கிறவங்கதான் சொல்லணும்" என்பாள். அந்தத் தேதி சரியாக இருந்தால்தான் எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, வண்டிக்கு யாரிடம் சொல்லி வைப்பது என்று முடிவு செய்ய முடியும். பிரசவம் பார்ப்பதைவிட இதைத்தான் அவள் பெரிய வேலை என்பாள்.

சத்து மாத்திரை இன்னொரு பாடு. வாங்கிக்கொண்டு போய் எருக்குழியில் போட்டுவிடுவார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, வாய் குமட்டுகிறது, குழந்தை பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்று ஆளுக்கொரு காரணம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, கீழிமையை இழுத்துப் பார்த்து, தன் எதிரிலேயே ஒன்றை விழுங்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை, 7-க்குக் கீழே என்றால் பிரசவத்தின்போது கொஞ்சம் ரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து.

புதன்கிழமை தடுப்பூசி நாள். கல்லூரி விடுமுறையில் மருந்து எடுக்க நானும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் அடுக்க விடமாட்டாள். வெளியே வைக்க வேண்டும். மேலே வியர்த்து, காதோரம் ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும். பிறகுதான் நாலு பக்கமும் நிறுத்தி நடுவில் மருந்து. போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது, வெயில்தான் அதற்கு எமன். முத்தடுப்பு ஊசி மருந்தோ உறைந்துவிட்டால் வெறும் தண்ணீர் மாதிரிதான், போட்டும் பயனில்லை. ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அடுத்த புதன்கிழமை அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். அதற்காகவே நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது எங்களுக்கான ஊசியையெல்லாம் ஊர் பார்க்க, வேப்பமரத்தடியில்தான் போட்டாள். அலறுவதில் தம்பிதான் ஊருக்கே முதல்.

எல்லாம் அன்பால் நடந்தது என்று எழுதினால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்த காலம் அது. பிப்ரவரி, மார்ச் வந்தால் அம்மா தெருவில் நுழைவதைப் பார்த்தே சில பெண்கள் கொல்லைப்பக்கமாக நழுவிவிடுவார்கள். கூட்டத்தில் திட்டு வாங்கிவிட்டு வந்து எங்களிடம் எரிந்து விழுவாள். 1996-ல் நாடு முழுக்க அந்த இலக்கைக் கைவிட்டதும், இனி நாலு வீட்டில் நிம்மதியாக மோர் வாங்கிக் குடிக்கலாம் என்றாள்.

2001–03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-ல் அது 54. இந்தியா முழுமைக்கும் அப்போது 97. மருத்துவர்கள், ரத்த வங்கி, 108 ஆம்புலன்ஸ் என்று இதற்குக் காரணங்கள் பல. நர்ஸம்மாக்களின் செருப்புத் தேய்ந்ததையும் அந்த வரிசையில் சேர்க்காமல் என்னால் இருக்க முடியாது. பகுதியில் ஒரு தாய் இறந்தால், அவளைக் கடைசியாக எப்போது பார்த்தாய், அன்றைக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கெல்லாம் பதிவேட்டோடு போய் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ஆகவும் உயர்ந்தபோது அந்த விண்ணப்பங்களும் அவள் தலையில்தான் ஏறின. பணம் வர ஒரு வாரம் தாமதமானால் எங்கள் வாசலில்தான் சண்டை.

எங்கள் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு அவள் வந்ததில்லை. ஒருமுறை எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையும் இளநீரும் தலைமாட்டில் வைத்துவிட்டு, மூன்று மைல் தள்ளி ஒரு தலைப்பிரசவத்துக்குப் போய்விட்டாள். பாட்டி அவளைத் திட்டிக்கொண்டே எனக்கு விசிறினாள். நான் வெகு காலம் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன். "உனக்குப் பாட்டி இருந்தா. அவளுக்கு யார் இருந்தா?" என்பதுதான் எப்போதும் அவள் பதில். அதில் நியாயம் இருக்கிறது. எனக்குக் கோபம் இருந்ததும் நியாயம்தான்.

ஓய்வுபெற்ற அன்று பதிவேடுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டாள். ஆனால் மனசுக்குள் ஒரு பிரதி வைத்திருந்தாள் போல. ஆதாருக்கும் பென்ஷனுக்கும் பிறந்த தேதி கேட்டு, வீட்டில் பிறந்தவர்களெல்லாம் தேடி வருவார்கள். "நீ பொறந்தப்ப உங்க சித்தப்பன் கல்யாணப் பந்தல் பிரிக்கல" என்று தொடங்கி, கிழமை வரை வந்துவிடுவாள். அவள் போன பிறகும் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் வந்து, "நர்ஸம்மா மகளுக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டார். பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன். போகிற போக்கில், "உங்கம்மாவா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.