கஞ்சன்ஜங்காவின் எதிர்வீட்டில்

டார்ஜிலிங்கை அறியாதவர் குறைவு. தேயிலை, பொம்மை ரயில், விடியுமுன்பே டைகர் ஹில்லில் முண்டியடிக்கும் ஜீப்புகள். அங்கிருந்து தெரியும் கஞ்சன்ஜங்கா மலையை இன்னும் அருகில், நெரிசல் குறைவாகப் பார்க்க விரும்பினால் சிக்கிம் மாநிலத்தின் மேற்குப் பக்கம் வண்டியைத் திருப்பவேண்டும். அங்கே ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுகட்டில் இருக்கிறது பெல்லிங்.

ஊர் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேல், நடு, கீழ் என்று மூன்று அடுக்காகத் தங்குவிடுதிகள், சில கடைகள், ஒரு ஹெலிகாப்டர் தளம். அழகான ஊர் என்றுகூட என்னால் சொல்லமுடியவில்லை. விடுதிகளை இடம் கண்ட இடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் மொட்டைமாடிக்குப் போய் வடக்கே திரும்பினால் அந்தக் குறையெல்லாம் மறந்துபோகும். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, 8,586 மீட்டர் உயரமுள்ள, உலகின் மூன்றாவது பெரிய சிகரம். நமக்குப் பழக்கமான கினபாலு மலையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் அதன் உச்சி எட்டாது.

காலை ஆறு மணியை ஒட்டி முதல் வெளிச்சம் உச்சியில் மட்டும் படும். கீழே பள்ளத்தாக்கு இன்னும் இருட்டாகவே இருக்கும். இளஞ்சிவப்பு, பொன்மஞ்சள், பிறகு கண் கூசும் வெள்ளை. பெரும்பாலும் பத்து மணிக்குள் மேகம் ஏறிவந்து திரை போட்டுவிடும். ஆகவே ஒரே இரவு தங்கிவிட்டுப் புறப்படும் பயணத்திட்டம் இங்கே வீண். மூன்று காலைப்பொழுதுகளாவது வேண்டும்.

அதைவிட முக்கியம் மாதம். ஜூன் விடுமுறைக்கு ‘குளுகுளு’ இடம் தேடும் குடும்பங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இமயத்தின் கிழக்குப் பகுதியில் அப்போது பருவமழை தொடங்கிவிடும், மலை தெரியாது, சாலை சரியும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைதான் நமக்குத் தோதானது. நவம்பர், டிசம்பரில் குளிர் கடுமையாக இருந்தாலும் வானம் தெளிவாக இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை மலைச்சரிவுகளில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், ஆனால் மேகமூட்டம் கூடுதல்.

சிக்கிம் மக்களுக்கு கஞ்சன்ஜங்கா வெறும் மலையன்று, காவல்தெய்வம். பெயருக்கே ‘பெரும் பனியின் ஐந்து பொக்கிஷங்கள்’ என்று பொருள். ஐந்து சிகரங்களும் ஐந்து கருவூலங்கள் என்பது நம்பிக்கை. 1955 மே 25ஆம் தேதி ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இரு பிரிட்டிஷ் மலையேறிகள் நேப்பாளப் பக்கத்திலிருந்து ஏறி முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். அடைந்தார்கள் என்றால், சில அடிகள் கீழேயே நின்றுகொண்டார்கள். உச்சியை மிதிப்பதில்லை என்று அப்போதைய சிக்கிம் மன்னருக்கு அவர்களின் குழு வாக்குக் கொடுத்திருந்தது. பின்னர் ஏறியவர்கள் பலரும் அந்த மரியாதையைத் தொடர்ந்தனர். சிக்கிம் பக்கத்திலிருந்து ஏறுவதற்கு இன்று தடையே இருக்கிறது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பெமாயாங்ட்சே மடாலயத்துக்குப் போனால் பார்வையே மாறிவிடும். பெல்லிங்கிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். 1705ஆம் ஆண்டைச் சேர்ந்த மடாலயம் இது. நியிங்மா பிரிவினருடையது. சிக்கிம் மன்னர்களின் முடிசூட்டில் இங்குள்ள தலைமைத் துறவிக்குத் தனி உரிமை இருந்தது. வெளியே வண்ணம் தீட்டிய சன்னல்கள், காற்றில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள். உள்ளே நெய்விளக்கின் மணமும் பழைய சுவரோவியங்களும்.

மேல்மாடிக்கு ஏறாமல் திரும்பிவிடாதீர்கள். குரு பத்மசம்பவரின் சொர்க்கலோகத்தை ஏழு அடுக்கு மரச்சிற்பமாக அங்கே வடித்து வைத்திருக்கிறார்கள். துங்ஸின் ரின்போச்சே என்ற துறவி ஐந்தாண்டு உழைத்துத் தனியொருவராகச் செய்தது. மாளிகைகள், வானவில்கள், தேவதைகள், விரல் நுனியளவு உருவங்கள் என்று பார்க்கப் பார்க்கத் தீராது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், எங்கள் வீட்டு இளையர்கள் கைப்பேசியை உறையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அந்தச் சிற்பத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அருகிலேயே ரப்டென்ட்சே. 1670 முதல் 1814 வரை சிக்கிமின் தலைநகரம். கூர்க்காக்களின் படையெடுப்புகளில் சிதைந்து, இப்போது கற்சுவர்களும் மூன்று ஸ்தூபிகளும்தான் மிச்சம். காட்டுப்பாதையில் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். மூட்டுவலிக்காரர்கள் நிதானமாக ஏறலாம், அவசரமில்லை. சங்காச்சோலிங் மலையில் கண்ணாடி நடைபாதையும் 137 அடி உயர சென்ரெசிக் சிலையும் 2018இல் திறக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். எனக்கென்னவோ பக்கத்து மேட்டிலிருக்கும் 1697ஆம் ஆண்டு மடாலயத்தின் வாசற்படியே போதும் என்றிருந்தது.

ஒருநாள் கெச்சியோபால்ரி ஏரிக்கு ஒதுக்குங்கள். பௌத்தர்களுக்கும் இந்துக்களுக்கும் ஒருசேரப் புனிதமான நீர்நிலை. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் மரப்பாலத்தில் நடக்கவேண்டும். சுற்றிலும் அடர்ந்த காடு. ஏரியில் விழும் இலைகளைப் பறவைகள் உடனே பொறுக்கிப் போய்விடும் என்பார்கள்.

பயண ஏற்பாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து கோல்கத்தாவுக்கு நேரடி விமானம், அங்கிருந்து பாக்டோக்ராவுக்கு உள்நாட்டு விமானம். பிறகு ஐந்தாறு மணி நேர மலைப்பாதை. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மாத்திரை அவசியம். மெல்லி வரை சாலை தீஸ்தா ஆற்றை ஒட்டியே போகிறது. 2023 அக்டோபர் 4ஆம் தேதி வடக்கு சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனியேரியின் கரை உடைந்து, சுங்தாங் அணையை அடித்துச்சென்று, பல உயிர்களைப் பலிகொண்ட வெள்ளம் இறங்கிய ஆறு இதுதான். ஆகவே புறப்படுமுன் சாலை நிலவரத்தை விடுதிக்காரரிடமே கேட்டுவிடுங்கள். திரும்பும் நாளில் விமானத்துக்கு நேரம் ஒட்டிப் புறப்படாமல், முதல் நாளே சிலிகுரிக்கு இறங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

சைவ உணவுக்காரர்களுக்குச் சிரமமில்லை. சோறு, பருப்பு, காய்கறி எங்கும் கிடைக்கும். மோமோ வாங்கும்போது மட்டும் உள்ளே என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் போத்தல் குடிநீருக்கு 2022 முதல் தடை இருப்பதால் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். டிசம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும்.

இந்திய விசா மட்டும் போதாது, வெளிநாட்டவர் சிக்கிமுக்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். மெல்லி சோதனைச்சாவடியிலேயே வாங்கிக்கொள்ளலாம். கடப்பிதழ் நகல், விசா நகல், புகைப்படங்கள் எல்லாம் பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.