வெடியுப்பும் கறியுப்பும்

மரக்காணத்து உப்பளங்களுக்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்த கடற்கரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. 1750 ஆம் ஆண்டில் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் வசமாயிற்று. 1760 இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். அக்காலத்து வீரன் ஏந்திய துப்பாக்கி இக்காலத்ததனைப் போன்றதன்று. பழைய படைக்கலங்களை ஆர்வத்துடன் பயின்றோர் அதனை விளக்கப் புகின், முதலில் குழலின் வாயையே சுட்டிக்காட்டுவர். மருந்தும் குண்டும் அவ்வழியே உட்செல்ல வேண்டும்.

துப்பாக்கி என்பது துருக்கி மொழியினின்று வந்து வழங்கும் சொல். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இவ்வொலியுடைய சொல் உண்டாயினும், அஃது உணவை ஆக்குதலைக் குறிக்கும். இதனொடு அதற்கு உறவில்லை.

வீரன் தாளிற் சுருட்டிய தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழிப்பான். சிறிது மருந்தைத் துப்பாக்கியின் பக்கத்திலுள்ள கிண்ணியில் இட்டு மூடுவான். எஞ்சியதைக் குழலுட் கொட்டி, ஈயக் குண்டையும் தாளையும் இட்டு, நீண்ட இருப்புக் கோலாற் கெட்டிப்பான். பின்னர்க் குதிரையைப் பின்னிழுத்து விசையை அழுத்துவான். குதிரை கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும், கிண்ணி திறக்கும், பொறி அதில் விழும், தீ சிறு துளை வழியே குழலினுட் பாயும். நன்கு பயின்றவன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். பதற்றத்திற் கோலை எடுக்க மறந்து, அதனையும் சேர்த்துச் சுட்டவரும் உண்டு! குண்டு குழலினுள் தளர்வாக இருந்தமையால் 100 கஜத்திற்கு அப்பால் குறி தப்பும். அதனாலேயே வீரர் அணியாக நின்று ஒருங்கே சுட்டனர்.

மருந்தின் 100 பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டும் உயிர்வளியை வெடியுப்பே தருகின்றது. பீகாரின் மண்ணினின்று எடுக்கப்பட்ட வெடியுப்பு ஐரோப்பாவிற்குக் கப்பலேறியது. மண்ணைக் கரைத்தெடுக்குங்கால் கறியுப்பும் உடன் வரும். அது கலந்த மருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பதங்கெடும். கொதிநீரில் வெடியுப்பு மிகுதியாகக் கரையும்; குளிர்ந்த நீரிற் சிறிதே கரையும். கறியுப்போ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவாகக் கரையும். ஆதலின், கொதித்த கரைசலை ஆறவிட்டால் வெடியுப்பு படிகமாகப் பிரிய, கறியுப்பு நீரிலேயே தங்கிவிடும். மரக்காணத்து உப்பளத்தார் வெயிலில் நீரை வற்றச் செய்து உப்பைப் பெறுவர். வெடியுப்பு எடுப்போர் நீரை ஆறவிட்டுப் பெறுவர்.

மருந்து நனைந்தால் நேர்வது யாது என்பதை 1757 ஆம் ஆண்டுப் பிளாசிப் போர் காட்டிற்று. பெருமழை பெய்தபோது ஆங்கிலேயர் தம் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்தனர். நவாபின் படையோ காக்கவில்லை. பகைவர் மருந்தும் நனைந்திருக்கும் எனக் கருதி முன்னேறிய நவாபின் வீரர் பீரங்கிக்கு இரையாயினர். உலர்ந்த மருந்திலும் இடர் உண்டு. 1760 சனவரி 22 இல் வந்தவாசிப் போரில், பிரெஞ்சுக்காரரின் மருந்து வண்டி ஒன்றின்மீது ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு விழுந்தது. வண்டி வெடித்து, ஏறத்தாழ 80 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அப்போரில் வென்ற கூட் என்பாரின் படையே ஆலம்பரையையும் பிடித்தது.

சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற் பழைய துப்பாக்கிகளைக் காணலாம். காண்போர் குதிரையின் வாயை உற்று நோக்குக. கல்லைக் கவ்வும் தாடையும் கிண்ணியும் இருப்பின் அது பழைய முறையினது; கிண்ணிக்கு மாறாகச் சிறு முளை இருப்பின், 1840 ஆம் ஆண்டையொட்டிப் பரவிய, வெடிக்கும் செப்புத் தொப்பியை மாட்டிச் சுடும் முறையினது.