பனைமட்டைக் கருக்கு



போன மாசம் ‘என் தாய்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் “என் அன்னை ஏலத்தோட்டத்தில் பணிபுரிகிறார்” என்று ஆரம்பித்து வீட்டில் வாசித்துக் காட்டினேன். “யாருடி அது?” என்று எங்கம்மா கேட்டது! இதைச் சொன்னதும் தமிழம்மா சிரித்துவிட்டு ‘கருக்கு’ புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள்.

எழுதியவர் பாமா. 1958-இல் வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டியில் பிறந்தவர். வருசநாட்டு மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊர். நம்மைப் போலவே மலையடிவாரத்துக்காரர்தான்.

பனைமட்டை ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. (நம்ம ஊரில் தென்னையும் இலவமும்தான் கண்ணில் படும். போடிக்குப் போனால் பாருங்கள்.) தொட்டால் கையைக் கிழிக்கும். புத்தகமும் அப்படித்தான்.

மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருது. தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் அண்ணன் சொன்ன பிறகுதான் விஷயம் தெரியுது. அது முதலாளிக்கு வாங்கின வடை. தாழ்த்தப்பட்டவர் கை பட்டால் தீட்டாம்! அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரமாச்சு.

பாமா படித்து ஆசிரியையானார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க நினைத்துக் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தார். அங்கேயும் சாதி இருந்தது. ஏழு வருஷம் கழித்து வெளியே வந்தார். கையில் வேலையில்லை, காசில்லை. அப்போது எழுதினதுதான் இது. வெளியான வருஷம் 1992. நாவல் என்கிறார்கள், தன்வரலாறு என்றும் சொல்கிறார்கள். வருஷ வரிசையெல்லாம் கிடையாது. ஞாபகம் வந்தபடி போகுது. எல்லாம் அவர்கள் தெருவில் பேசுகிற பேச்சு. இது இலக்கியமா என்று சிலர் முகம் சுளித்தார்களாம்.

ஊர்க்காரர்களுக்கும் கோபம். நம்மளக் கேவலமா எழுதிட்டா என்று ஏழு மாசம் ஊருக்குள் விடவில்லை. ஆனாலும் பாமா எழுத்தை விடவில்லை. 1994-இல் ‘சங்கதி’ வந்தது. 2000-இல் ‘கருக்கு’ இங்கிலீஷிலும் வந்தது.

நான் கட்டுரையைத் திருப்பி எழுதினேன். “எங்கம்மா விடியுமுன்ன எந்திரிச்சு, தூக்குவாளியில கஞ்சி ஊத்திக்கிட்டு, ஜீப்புல காய் எடுக்கப் போகுது.” இப்போது அம்மா தலையாட்டியது. கங்காணி திட்டுனதையும் எழுதவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“எழுது. தோட்டத்துப் பேர மட்டும் போட்றாத” என்றது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி