ஒரே ஓர் எழுத்து மாறினால்..!

இந்தியாவில் அரிவாள் செல் பாதிப்பு முதன்முதலாகப் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். வட்டமாக, நெகிழ்வாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு, அரிவாள் போல வளைந்துவிடும் நோய் இது. காரணம், டி.என்.ஏ-வில் ஒரே ஓர் எழுத்து!

டி.என்.ஏ, பீரோவில் பூட்டி வைத்த மூலப்பத்திரம் மாதிரி. செல்லின் உட்கருவைவிட்டு வெளியே வராது. தேவையான பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுக்கப்படும். அதுதான் தூது ஆர்.என்.ஏ. வெளியே வரும் அந்த நகலை, ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். அதைச் சுமந்துவந்து கொடுப்பது இன்னொரு வகை ஆர்.என்.ஏ. பூத் தொடுப்பதுபோல வரிசையாகக் கோத்தால், புரதம் தயார்.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் இப்படி 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்கு டி.என்.ஏ-வில் 'ஜி.ஏ.ஜி' என்றிருந்தால் குளூட்டாமிக் அமிலம் வரும். நடுவில் 'ஏ'-வுக்குப் பதில் 'டி' இருந்தால் வேலின் வரும். ரைபோசோமுக்குப் பிழை தெரியாது. எழுதியிருப்பதைக் கோத்துவிடும், பாவம்!

வேலின் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டி நாராக நீள்கிறது. விறைத்த செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ள, எலும்பையே முறிப்பதுபோன்ற வலி. 120 நாள் வாழ வேண்டிய செல், 10, 20 நாள்களில் சிதைந்துவிடுவதால் ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும்.

அம்மா, அப்பா ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிழை வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. அதனால் வெளியிலும் தெரியாது. அப்படி இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்பே எளிய ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.