அடிபட்ட சாரைப்பாம்பை வீட்டில் வைக்கலாமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் மண்வெட்டி பட்ட சாரையை இரக்கப்பட்டுப் பானையில் வைத்துப் பால் ஊற்றுபவர்கள் உண்டு. தாகத்தில் குடித்தாலும் பாம்புக்குப் பால் செரிக்காது, தண்ணீர் போதும். கண் வெளுத்து, இரை எடுக்காமல் கிடந்தால் பயப்படாதீங்க, சட்டை உரிக்கப் போகிறது. நீங்களாக உரித்துவிடாதீங்க! வாயைத் திறந்தே மூச்சு விட்டு, நுரை கட்டினால் அது நோய்தான். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்கூட அரசு அனுமதியோடுதான் பாம்பைப் பானையில் வைக்கிறது. சில வாரம் விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறது. நாம் வளர்த்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதோடு, சாரை என்று கை வைத்தது நல்லபாம்பாக இருந்தால்? வனத்துறைக்குச் சொல்லுங்க. அவர்கள் வரும்வரை பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க.