37,000 பெரிசா, 35,400 பெரிசா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவங்க ஏமாறும் இடம்



பழவேற்காடு ஏரியோர மீனவ கிராமங்களில் 'பாடு'ன்னு ஒரு பழைய முறை உண்டு. யார் எந்த இடத்தில் வலை போடணும்னு சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணுவாங்க.

நம்ம கடலில் எவ்வளவு மீன் பிடிபடுதுன்னு கணக்கிடுறதும் கிட்டத்தட்ட ஒரு குலுக்கல்தான். ஒவ்வொரு படகையும் எண்ண முடியாது. அதனால கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், எந்த இறங்குதளம், எந்த நாள்னு குலுக்கல் முறையில் எடுத்து, அங்கே எண்ணினதை வைத்து மொத்தத்தை மதிப்பிடுது. இந்தத் திறமைக்குப் பேர் சாம்பிளிங்.

ஆரம்பாக்கத்துப் பையனோ பொண்ணோ இதைப் படிச்சிருந்தா, ரெண்டு வகை வேலை கண்ணில் படும்.

ஒன்று: ஆராய்ச்சித் திட்டத்தில் ஜேஆர்எஃப். மாசம் 37,000 ரூபாய். முதுகலையும் நெட் மாதிரி தேசியத் தேர்வும் வேணும்.

இரண்டு: எஸ்எஸ்சி சிஜிஎல் எழுதி ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர். அடிப்படைச் சம்பளம் 35,400. டிகிரி போதும், பிளஸ் டூ கணக்கில் 60% அல்லது டிகிரியில் புள்ளியியல் ஒரு பாடம்.

விளம்பரத்தைப் பார்த்தா முதல் வேலைதான் பெரிசு, இல்லையா? இப்போ கணக்குப் போடுவோம்.

2025 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 55%. அதாவது 35,400-க்கு மேல 19,470. சென்னையில் வேலைன்னா வீட்டு வாடகைப் படி 30%, அது 10,620. மொத்தம் 65,490. இதுபோக ஓய்வூதியக் கணக்கில் (என்பிஎஸ்) அரசு 14% போடும், சுமார் 7,680 ரூபாய். உங்க பங்கு 10% பிடிப்பாங்க.

ஜேஆர்எஃப்-க்கு அகவிலைப்படி கிடையாது. சென்னையில் வாடகைப் படி 11,100 சேர்த்தாலும் 48,100 தான். திட்டம் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது.

ஊர் விஷயத்தையும் கவனிங்க. வாடகைப் படி, நீங்க குடியிருக்கும் ஊருக்கு இல்லை, வேலை பார்க்கும் ஊருக்கு. அதே ஆபீசருக்குச் சின்ன ஊரில் போஸ்டிங் கிடைச்சா 10% தான், 3,540. மாசம் 7,080 வித்தியாசம்! ஆரம்பாக்கத்தில் ரயில் நிலையம் இருக்கு. சொந்த வீட்டில் இருந்தபடி சென்னைக்குப் போய் வர முடிஞ்சா, அந்தப் பணம் அப்படியே சேமிப்பு. ஆனா தினமும் ரயிலில் போகும் நேரத்தையும் செலவா எழுதிக்கோங்க.

அப்போ ஜேஆர்எஃப் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. பிஎச்டி முடிச்சு, வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலில் விஞ்ஞானி ஆனா அடிப்படையே 57,700. அந்த இலக்கு இருந்தா ஜேஆர்எஃப் முதலீடு. இலக்கு இல்லாம சேர்ந்தா, வயசுதான் ஓடும். புள்ளியியல் பட்டதாரிகள் நேரடியா எழுதக்கூடிய இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் சர்வீஸ் (தொடக்க அடிப்படை 56,100) பொதுப்பிரிவுக்கு 30 வயசோட கதவைச் சாத்திடும்.

தனியாரில் மருந்து ஆய்வுக் கம்பெனிகள் எஸ்ஏஎஸ் தெரிஞ்சவங்களைத் தேடுறாங்க. அங்கேயும் சிடிசி எவ்வளவுன்னு கேட்காதீங்க; கைக்கு எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு, பாண்ட் உண்டான்னு கேளுங்க. ஆர் மென்பொருள் இலவசம், இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் ஒரு பேப்பர் எடுங்க. படி, பிடித்தம், பயணம், எத்தனை வருஷம்னு நாலு வரி எழுதுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க!