கொழுந்தை நிறுக்கிறோம், நம்மை நிறுப்பது எப்போது?



மடுவத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் கொழுந்து நிறுக்கிறோம். அரைக் கிலோ கூடுதலாக வெட்டினால், "ஏன் வெட்டினீங்க?" என்று கணக்குக் கேட்கிறோம். ஆனால் நம்முடைய உடம்பு எத்தனை கிலோ என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. "கடைசியா தராசுல ஏறினது பிள்ளைத்தாச்சியா இருந்தப்பதான்" என்று சொல்லும் அக்காமார் நிறையப் பேர்.

உயரத்துக்கு ஏற்ற நிறை எவ்வளவு என்று நாமே கணக்குப் பார்க்கலாம்.

முதலில் உயரம். செருப்பில்லாமல் சுவரோடு குதிகால் படும்படி நிமிர்ந்து நில்லுங்கள். தலைமேல் ஒரு கொப்பியைச் சமமாக வைத்து, சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து கோடு வரை அளந்தால் அதுதான் உயரம். நிறையைத் தோட்ட டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ பார்த்துக்கொள்ளலாம்.

இனி வளர்ந்தவர்களுக்குரிய கணக்கு:

4 அடி 9 அங்குலம் (145 செ.மீ.) – 39 முதல் 48 கிலோ
4 அடி 11 அங்குலம் (150 செ.மீ.) – 42 முதல் 51 கிலோ
5 அடி 1 அங்குலம் (155 செ.மீ.) – 45 முதல் 55 கிலோ
5 அடி 3 அங்குலம் (160 செ.மீ.) – 48 முதல் 58 கிலோ
5 அடி 5 அங்குலம் (165 செ.மீ.) – 51 முதல் 62 கிலோ
5 அடி 7 அங்குலம் (170 செ.மீ.) – 54 முதல் 66 கிலோ

இது உடற்திணிவுச் சுட்டி என்ற கணக்கு. நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது. 18.5க்குக் குறைந்தால் நிறை போதாது. ஆசிய நாட்டவருக்கு 23இலிருந்தே நீரிழிவு, இருதய நோய் ஆபத்துக் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுடையதை மருத்துவிச்சி அம்மா கிளினிக் அட்டையில் பார்ப்பார்.

"நமக்குச் சின்ன எலும்புங்க, அதான் ஒல்லி" என்று சிலர் சொல்வார்கள். உடற்கட்டு ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மைதான். ஒரு கையின் பெருவிரலாலும் நடுவிரலாலும் மற்றக் கை மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சிறிய கட்டு. தொட்டும் தொடாமலும் நின்றால் நடுத்தரம். எட்டாவிட்டால் பெரிய கட்டு. இது உத்தேச அளவுதான். சிறிய கட்டு உள்ளவர் கீழ்க்கணக்கை ஒட்டி இருக்கலாம். ஆனால் அதற்கும் கீழே போனால் எலும்பின்மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது, சாப்பாட்டின் குறையோ நோயோ இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நிறை குறைந்த தாய் கர்ப்பமானால், பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் ஆபத்து அதிகம். ஆகவே பிள்ளை தங்கும் முன்பே தாயின் நிறையைக் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலை ஏறாதீர்கள். ரொட்டியோடு பருப்போ முட்டையோ நெத்தலியோ சேருங்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதுதான் அம்மாவுக்கு என்ற வழக்கத்தை ஆண்கள் மாற்ற வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சாப்பிட்டும் நிறை இறங்கினால் சும்மா இருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோயா என்றும், அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால் நீரிழிவா என்றும் சோதிக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம்.

நிறை கூடியவர்கள் இடுப்பையும் அளக்கட்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் எண்ணெய், சீனி, சாராயம் மூன்றையும் குறைக்க வேண்டிய நேரம்.

மாதத்துக்கு ஒரு தரம் நிறுத்து, கலண்டரில் எழுதி வையுங்கள். கொழுந்துக் கணக்கைப் போல இதுவும் நம் கணக்குத்தான்.